யூனுஸ் நபிக்கு நிழல் தந்த கொடி





மகாவலி ஓரத்துப் பேராதனையில் 1952ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. ஆற்றுக்கு அப்பால் கன்னொருவையில் விவசாயத் திணைக்களத்தின் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. இவ்வாறு பயிர்களைப் பற்றிய அறிவு வளரும் இப்பகுதியில், தோட்டமொன்றில் படர்ந்திருக்கும் பூசணிக் கொடியை, அதாவது நம் பேச்சு வழக்கிலுள்ள வட்டக்காய்க் கொடியை, ஒரு காலையில் நின்று அவதானித்துப் பாருங்கள்.

அதில் முதலில் மலர்பவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை காய்ப்பதில்லை. சில நாட்களின் பின்னரே, அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண் பூ வருகின்றது. விடியலில் விரியும் அப்பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அதன் மகரந்தம் பாரமானது, ஒட்டுந்தன்மை கொண்டது. காற்று அதைச் சுமக்காது. தேனீ வரவேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். பூச்சியை அழிக்கக் காலையில் மருந்து தெளிப்பவர் தேனீயையும் அழித்து விடுகிறார். அதனால்தான் பூக்கள் மூடிய மாலை வேளையில் தெளிக்குமாறு கூறப்படுகின்றது.

பெற்றோர்களே! முதற்பூ காய்க்கவில்லை என்று கொடியைப் பிடுங்குபவர் உண்டா? ஆனால் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான அன்றே, உறவினர் முன்னிலையில், பிள்ளையை வார்த்தைகளால் வாட்டுவோர் நம்மில் இருக்கின்றனர். கண்டிப்பு அவசியம்தான். எனினும் அதற்கும் ஒரு வேளை உண்டு.

ஸூரா அஸ்ஸாஃப்பாத்தின் 145 முதல் 147 வரையான வசனங்களின் வரிசையைச் சிந்தியுங்கள். மீன் வயிற்றிலிருந்து வெளிப்பட்ட நபி யூனுஸ் (அலை) அவர்கள் வெட்டவெளியில் நோயுற்றுக் கிடந்தார்கள். அல்லாஹு தஆலா அவர்கள் மீது ஒரு கொடியை முளைக்கச் செய்தான். அது பூசணியின் குடும்பத்தைச் சேர்ந்த சுரைக்கொடி என்பது முஃபஸ்ஸிர்கள் பலரின் கருத்தாகும். இலட்சம் பேரிடம், அல்லது அதற்கும் அதிகமானோரிடம் அவர்கள் அனுப்பப்பட்டது அதன் பின்னரே கூறப்படுகின்றது. நிழல் முதலில், பொறுப்பு அடுத்து. சோர்ந்து வீடு திரும்பும் மகனுக்கும் மகளுக்கும் நாம் முதலில் கொடுப்பது எது?

இளைஞர்களே! ஒரு தையற்காரரின் விருந்தில் நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி உண்டதை இளம் அனஸ் (ரழி) கண்டார்கள். அன்று முதல் அவர்களுக்கும் சுரைக்காய் விருப்பமானது. ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. எவரும் உபதேசிக்கவில்லை, பார்த்த பார்வையே போதுமாயிற்று. நேசிப்பவரின் வழக்கம் நம்மிடம் வந்து சேரும். கொடியின் பற்றுக்கம்பியும் அவ்வாறே: கைக்கெட்டியதைச் சுற்றிப் பிடிக்கும்; உறுதியான பந்தலா, உக்கிய குச்சியா என்று பார்க்காது. உங்களுக்கோ பார்த்துத் தெரிவு செய்யும் அறிவு தரப்பட்டிருக்கின்றது. யாரைப் பற்றிப் பிடித்திருக்கிறீர்கள் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள்.

நம் இல்லங்களைப் பிள்ளைகளுக்கு நிழலாகவும், பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.