ஒளிந்து வாழும் பறவைகள்

மணலி என்றதும் சென்னைவாசிகளின் மனக்கண்முன் வந்து நிற்பவை புகைபோக்கிகளும், எண்ணெய்த் தொட்டிகளும், சாலையோரம் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளுமே. 1960-களின் பிற்பகுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுந்த காலந்தொட்டு அவ்வட்டாரத்துக்கு அமைந்துவிட்ட முகம் அது. ஆனால் மணலி புதுநகரைக் கடந்து, கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் செல்லும் பக்கமாக நடப்போமானால் வேறொரு முகமும் தென்படும். ஏரிகளும், மழைநீர் தேங்கும் பள்ளங்களும், கோரையும் சம்பும் அடர்ந்த சேற்று நிலங்களும் அங்கே உண்டு. இத்தகைய நிலங்களில் மறைந்து வாழும் பறவைகளைத் தேடி ஒரு நாளைச் செலவிடுவது எவ்வாறு என்பதைக் குறித்து நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

கூழைக்கடாவையும் பூநாரையையும் காண்பதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. அவை திறந்த நீரில் எல்லோரும் காண நிற்பவை. கானாங்கோழி, குருகு, உள்ளான் முதலியவற்றின் இயல்போ வேறு. அவற்றைத் தேடுவோன் முதலில் தன் கண்ணை அல்ல, காதைத்தான் நம்ப வேண்டும்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்ற காலம். கதிரவன் எழுமுன்பே கரையோரம் சென்று, பேச்சை நிறுத்தி, அசையாது அமர்ந்துவிட வேண்டும். புதருக்குள்ளிருந்து ‘குவாக், குவாக்’ என்று ஒரு குரல் எழும். அது கானாங்கோழி. குரல் வந்த திசையை நோக்கிக் காத்திருந்தால், வெண்மையான முகமும் மார்பும் ஒரு கணம் தோன்றும். மறுகணம் சம்புத் தாள்களுக்கிடையே மறைந்துவிடும். இவ்வினத்துப் பறவைகளின் உடல் பக்கவாட்டில் ஒடுங்கியிருப்பதால், நெருங்கி வளர்ந்த தண்டுகளுக்கிடையே அவை எளிதில் புகுந்து செல்கின்றன. நீண்ட விரல்களோ சேற்றில் புதையாமல் அவற்றைத் தாங்குகின்றன.

வெயில் ஏறத் தொடங்கியதும் மஞ்சள் குருகைத் தேடலாம். ஆள் அரவம் கேட்டால் அது பறந்தோடுவதில்லை. அலகை வானை நோக்கி உயர்த்தி, உடலை நீட்டி, நாணலோடு நாணலாக நின்றுவிடும். காற்றில் தண்டுகள் அசைந்தால் தானும் அவற்றோடு மெல்ல அசையும். அலகு மேல் நோக்கியிருக்கும்போதே நம்மைப் பார்க்கும்படியாக அதன் கண்கள் அமைந்திருக்கின்றன. ஆகவே, நாம் அதைக் காணாவிட்டாலும் அது நம்மைக் கண்டுகொண்டுதான் இருக்கிறது!

நண்பகலில் சதுப்பு நிலம் அடங்கிவிடும். குரலும் இல்லை, அசைவும் இல்லை. அந்நேரத்தில் வண்டியில் வந்திறங்கிப் பத்து நிமிடம் பார்த்துச் செல்பவர் ஒருவர், ‘இங்கே ஒன்றுமில்லை, வெறும் புதர்’ என்று எழுதிவிட்டுப் போகக்கூடும். அந்த ஒரு வரியை நம்பி மண்ணைக் கொட்டி நிலத்தை மேடாக்குவதும் எளிது. காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. பறவை பார்ப்போன் கற்கும் முதற்பாடம் இதுவே. நிலத்தைப் பற்றி முடிவு செய்வோரும் கற்கவேண்டிய பாடம் இது.

மாலையில் அதே நிலம் மீண்டும் உயிர்பெறும். வடநாடுகளிலிருந்து குளிர்காலத்தில் வரும் உள்ளான், காலடியிலிருந்தே திடீரென்று எழுந்து வளைந்து வளைந்து பறக்கும். அந்தி மங்கும் வேளையில் மயில் உள்ளான் சேற்றோரத்துக்கு இரை தேட வரும். அதில் பெட்டைக்கே நிறமும் அழகும் மிகுதி. முட்டைகளை அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும் கடமை சேவலுடையது.

இப்பறவைகளைக் காக்கும் புதர்நிலத்தோடு மனிதரின் நலமும் பிணைந்திருக்கிறது. 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் பெருமழையில் வடசென்னைத் தாழ்நிலங்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. வெள்ளம் தங்குவதற்கு இயற்கை விட்டுவைத்த பள்ளங்கள் தூர்ந்தால், அந்த நீர் வீடுகளுக்குள்தான் புகும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகில் படிந்த எண்ணெயைப் பலரும் கண்டு வருந்தினர். சம்புக்குள் ஒளிந்து வாழும் உயிர்களின் துன்பமோ எளிதில் எவர் கணக்கிலும் வருவதில்லை.

அக்கணக்கை எழுதுவது நம்மால் ஆகும் காரியம். ஒரே இடத்துக்கு விடியலிலும் அந்தியிலும், பல பருவங்களிலும் செல்லுங்கள். புதருக்குள் இறங்காதீர்கள், ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து பறவையை வெளியே இழுக்காதீர்கள். நாள், நேரம், இடம், கேட்ட குரல், கண்ட பறவை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒன்றும் காணாத நாளையும், எத்தனை நேரம் காத்திருந்தீர்கள் என்பதோடு எழுதி வையுங்கள். பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் அவற்றைச் சேர்க்கலாம். ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று ஒருவர் சொல்ல வரும்போது, எடுத்துக் காட்ட அக்குறிப்பேடு பயன்படும்.