கேட்க வரும் எழுத்தாளர்



பணிக்காலம் முழுவதையும் தொடக்க வகுப்புகளிலேயே கழித்த ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆகவே இன்றைய பேச்சுக்கு அவர் வாழ்ந்த இடத்தையே பொருளாக எடுத்துக்கொண்டேன். சிறார் எழுத்தாளர் ஒருவர் தொடக்கப் பள்ளிக்குப் போகிறார். அங்கே அவருக்கு என்ன வேலை? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு, அதியமான் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தருமபுரி மண்ணிலேயே ஒரு பழைய குறிப்பு கிடக்கிறது. புறநானூற்றின் 92ஆம் பாடலில் ஔவையார் அதியமானிடம் பேசுகிறார். குழந்தையின் மழலைக்கு இசையும் இல்லை, தெளிந்த பொருளும் இல்லை. ஆனாலும் பெற்ற தகப்பனின் மனம் அதில் இளகிவிடும். என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்பது அவர் கருத்து. அதியமான் போற்றிய பெரும்புலவர் தம் கவிதையை மழலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார். தருமபுரி மாவட்டத்துப் பள்ளிக்குள் நுழையும் எழுத்தாளருக்கு இந்தப் பணிவு வேண்டும். அவர் பேச வருவதைவிடக் கேட்க வருவதே முக்கியம்.

அஞ்சலட்டையிலிருந்து வகுப்பறைக்கு

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கி ஊழியர். 1922இல் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தவர். அலுவலக வேலைக்கு நடுவே குழந்தைகளுக்குப் பாடல் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். அந்தத் தலைமுறையில் எழுத்தாளரும் சிறுவரும் சந்தித்த இடம் பெரும்பாலும் பத்திரிகைதான். அம்புலிமாமாவும் கோகுலமும் வரும் நாளுக்குக் காத்திருந்து படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கதை பிடித்திருந்தால் அஞ்சலட்டை எழுதிப் போடுவோம். எழுத்தாளரின் முகம் தெரியாது.

இன்று அந்த முகம் வகுப்பறைக்கே வருகிறது. ‘கடல் பூதம்’ நாடகத்தோடு பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளைச் சிரிக்கவைத்தவர் வேலு சரவணன். சிறார் இலக்கியத்துக்கான 2017ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலுக்காக யெஸ். பாலபாரதி 2020ஆம் ஆண்டில் அதே விருதைப் பெற்றார். தவறான தொடுதல் பற்றிப் பெரியவர்களே பேசத் தயங்கும்போது, ஒரு மரப்பாச்சிப் பொம்மையைச் சிறுமியோடு பேசவைத்த கதை அது. இப்படிப்பட்ட கதையைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் எதிரில் உட்காரும் எழுத்தாளருக்குக் காது மிக முக்கியம். 2021இல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’ இதழை நடத்துகிறது. அதே துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. தகடூர் புத்தகப் பேரவையின் முயற்சியால் தருமபுரிக்கும் புத்தகத் திருவிழா வந்தது. புத்தகமும் இருக்கிறது, எழுத்தாளரும் இருக்கிறார். பிள்ளையிடம் வந்து சேரும் முறையில்தான் குறை.

பொன்னாடையும் புத்தகமும்

வழக்கமான எழுத்தாளர் வருகை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாமியானா கட்டுவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரையும் உட்காரவைப்பார்கள். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை. எழுத்தாளர் எழுந்து, ‘புத்தகம் படியுங்கள்’ என்று அறிவுரை சொல்வார். குழுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் எழுதிய ஒரு புத்தகத்தைக்கூட அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போன கதைதான்.

இதையே மாற்றிச் செய்யலாம். எழுத்தாளர் வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே புத்தகம் வகுப்புக்கு வந்துவிட வேண்டும். ஆசிரியர் தினம் ஒரு பகுதியாக வாசித்துக் காட்டட்டும். எழுத்தாளர் வரும்போது மைக் வேண்டாம். ஒரே ஒரு வகுப்பு, வட்டமாகத் தரையில். பத்து நிமிடம் அவர் வாசிக்கட்டும். மிச்ச நேரம் பிள்ளைகளுடையது.

அப்போது வரும் கேள்விகள் எந்தத் திறனாய்வாளரும் கேட்காதவை. ‘அந்த நாய் அப்புறம் என்னாச்சு?’ ‘இதெல்லாம் நெசமா நடந்துச்சா?’ ‘இத்தனையும் நீங்களே கையால எழுதினீங்களா?’ கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட, அடித்தும் திருத்தியும் எழுதிய கைப்பிரதியைக் காட்டுவதே நல்லது. தப்பு எழுதினால் அடி விழும் என்று பயப்படும் பிள்ளை, எழுத்தாளரே நாலு முறை அடித்து எழுதியதைப் பார்க்கட்டும். பிறகு பிள்ளைகளையே புத்தகம் செய்யச் சொல்லலாம். பெரிய தாள் ஒன்றை மூன்று முறை மடித்து ஓரம் வெட்டினால் எட்டு இதழ், பதினாறு பக்கம். அச்சகத்தில் புத்தகம் பிறப்பதும் இதே முறையில்தான். நடுவில் நூல் போட்டுத் தைத்தால், சாப்பாட்டு மணிக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலாசிரியர்.

இந்த மாவட்டத்துக் கதைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரியில் 68.54, மாநிலத்தில் அதுவே மிகக் குறைவு. இந்த எண்ணைச் சொல்லி நாம் வெட்கப்படுவதோடு நின்றுவிடுகிறோம். இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பிழைப்புக்காக அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விட, ஆயாவிடம் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. அந்த ஆயாவுக்கு எழுத்து தெரியாது, கதை தெரியும். பள்ளியிலிருந்து ஒரு சிறு நூல் வீட்டுக்குப் போனால் பேத்தி வாசிப்பாள், ஆயா கேட்பாள். பதிலுக்கு ஆயா ஒரு கதை சொல்வாள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உண்டு. அவர்கள் இரண்டு மொழிக் கதைகளோடு வருகிறார்கள்.

வத்தல்மலை, சித்தேரி, சிட்லிங்கிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிக் கேளுங்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் யானையைப் பற்றிக் கேளுங்கள். நம் கதைப் புத்தகங்களில் யானை குடை பிடிக்கும், பிறந்தநாள் கொண்டாடும். அவர்களுக்குத் தெரிந்த யானை ராத்திரியில் கேழ்வரகுக் கொல்லைக்குள் வரும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. குட்டிகள் இரண்டு உயிரோடு அங்கேயே நின்றன. அந்தச் செய்தியைத் தங்கள் ஊர்ச் செய்தியாகக் கேட்ட பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். கொல்லையை இழந்தவரின் கோபமும் தாயை இழந்த குட்டியின் தவிப்பும் அவர்களுக்கு ஒருசேரத் தெரியும். வெளியூர் எழுத்தாளர் அந்தப் பிள்ளைகள் முன்னால் கேட்பவராகத்தான் உட்கார முடியும்.

ஒரு வேண்டுகோள்

எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவதற்கென்றே ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் பூடெக்கர் வட்டம் என்ற அமைப்பு 1954 முதல் இயங்கிவருகிறது. அது பெரிய நாட்டின் பெரிய ஏற்பாடு. நாம் சிறிதாகத் தொடங்கலாம். பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்த ஒரு குறுவள மையத்துக்கு ஓர் எழுத்தாளர். ஜூலையில் ஒருமுறை வரட்டும், கதை சொல்லிக் கதை கேட்கட்டும். ஜனவரியில் மறுபடி வந்து, இடையில் பிள்ளைகள் எழுதியதை அவர்களோடு உட்கார்ந்து படிக்கட்டும். இரண்டாம் முறை வருபவரைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள். எழுத்தாளருக்குப் பேருந்துக் கட்டணமும் மதிப்பான ஊதியமும் கொடுங்கள்; பொன்னாடைக்கும் சாமியானாவுக்கும் ஆகும் காசில் புத்தகம் வாங்கி அந்தப் பள்ளியிலேயே விட்டுச் செல்லுங்கள்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை நூலாக அச்சிடுகிறீர்கள். அடுத்த ஆண்டு பேச்சாளரின் உரையைச் சுருக்கிக்கொண்டு, மிச்சப் பக்கங்களைப் பிள்ளைகளின் கதைகளுக்குக் கொடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். அட்டையில் அவர்கள் பெயரும் பள்ளியின் பெயரும் இருக்கட்டும். அதை வாங்க வரிசையில் நிற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.