முகத்தைத் தேய்க்கலாம், நிறத்தைத் தேய்க்க முடியுமா?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுவில் 18,000 ரூபாய்க்குக் கடன் மனு வந்தது. காரணம் என்ற இடத்தில் "மகள் திருமணச் செலவு" என்று எழுதியிருந்தது. என்ன செலவு என்று கேட்டபோது அந்த அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. "தி.நகர்ல முகத்தோலை உரிச்சுப் புதுசாக்குறாங்களாம். ஒரு தடவைக்கு மூவாயிரம், ஆறு தடவை போகணுமாம். மாப்பிள்ளை வீட்ல பொண்ணு கொஞ்சம் கருப்புன்னு பேச்சு வந்துடுச்சு." கல்யாணத்துக்கு இருந்தது மூன்றே வாரம்.

சிலர் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்காவின் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன். இன்றைக்கு இது நம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால், கல்யாணப் புடவைக் கடைக்குப் போகிற வழியெல்லாம் இந்த போர்டுதான். மயிலாப்பூர், அடையாறு பக்கமும் அப்படியே. அதனால் விவரம் தெரிந்துகொண்டு முடிவு எடுப்போம்.

முதலில், உரிப்பது என்றால் என்ன? நம் தோல் தானாகவே உரிந்துகொண்டுதான் இருக்கிறது. அடியில் புதுத் தோல் உண்டாகி மேலே வந்து, காய்ந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். உதிராமல் தங்கிய செத்த தோல் முகத்தை மங்கலாகக் காட்டும். அதை எடுக்கத்தான் நம் பாட்டிமார் பயத்தமாவு தேய்த்தார்கள், உடம்புக்குப் பீர்க்கங்காய் நார் வைத்திருந்தார்கள். பட்டணத்தில் அதையே இயந்திரத்தாலும் அமிலத்தாலும் செய்கிறார்கள். விஷயம் புதுசில்லை, வேகமும் ஆழமும்தான் புதுசு.

பொதுவாக நான்கு வகை இருக்கிறது.

ஒன்று, ஸ்க்ரப் ஃபேஷியல். குறுணை கலந்த கிரீமால் தேய்ப்பது. பார்லரில் செய்வது. மேலோட்டமானது. பலன் சில நாள் இருக்கும். சீழ்ப் பரு இருந்தால் தேய்க்கக் கூடாது, பரு இன்னும் புண்ணாகும்.

இரண்டு, மைக்ரோடெர்மாப்ரேஷன். நுண்ணிய துகளாலோ வைர முனையாலோ இயந்திரம் வைத்து மேல்தோலைச் சுரண்டுவது. சொரசொரப்பு, மங்கல் கொஞ்சம் குறையும். ஆழமான அம்மைத் தழும்பு, பருப் பள்ளம் இதனால் நிரம்பாது.

மூன்று, ஹைட்ரா ஃபேஷியல். நீர்க்கரைசலைப் பாய்ச்சி அழுக்கை உறிஞ்சி எடுக்கிற இயந்திரம். எரிச்சல் குறைவு, செலவு அதிகம். அன்றைக்கு முகம் பளிச்சென்று தெரியும், ஆனால் நீடிக்காது. மங்கு, தழும்பு போகும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

நான்கு, கெமிக்கல் பீல். அமிலம் பூசி உரிய வைப்பது. கரும்பிலிருந்து கிடைக்கும் கிளைகாலிக், பாலிலிருந்து வரும் லாக்டிக், எண்ணெய்ச் சருமத்துக்கும் பருவுக்கும் சாலிசிலிக் என்று பல உண்டு. பரு, பருக் கறை, மங்கு இவற்றுக்கு உண்மையாகவே உதவக்கூடியது இந்த நான்கில் இதுதான். அதிக ஆபத்தும் இதில்தான். அமிலத்தின் சதவீதம் எவ்வளவு, எத்தனை நிமிடம், எப்போது நிறுத்துவது என்று பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். அப்படியானால் மூன்று வாரத்தில் ஆறு தடவை எப்படி முடியும்? அந்த அக்காவிடம் இதை யாருமே சொல்லவில்லை.

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலும் கருந்தோலும் புண்பட்டால், ஆறும்போது கருத்துத்தான் ஆறும். சமையல் சூடு பட்ட இடம் எப்படி ஆகிறது, நினைத்துப் பாருங்கள். அதனால் ஆழமாக உரித்தால் நல்ல பலன் என்பது நமக்குப் பொருந்தாது. மருத்துவர்களும் நம் தோலுக்கு மேலோட்டமான பீலைத்தான் முதலில் எடுப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துப் பெண் ஏதோ ஒரு பார்லரில் பீல் செய்துகொண்டாள். மறுநாளே அம்மாவோடு களை எடுக்கப் போய்விட்டாள். வெயில் படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு விழுந்தது. போட்டோ எடுக்க வேண்டிய நாளில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறை மறைய மாதக்கணக்கில் ஆனது. புதுத் தோல் குழந்தைத் தோல் மாதிரி. சன்ஸ்கிரீன் பூசி, வெயிலைத் தவிர்க்க முடியாதவர்கள் பீல் செய்யாமல் இருப்பதே நல்லது. நாற்று நடுகிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது, இதோடு சேர்த்துக் கொடுக்கிற கிரீம். பெயர் இல்லாத டப்பாவில் "ஒரு வாரத்தில் சிவப்பு" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, பரு வெடித்து, முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் நெருப்பாக எரியும். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. இன்னும் சிலவற்றில் பாதரசம். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை மருத்துவர்கள் விசாரித்தார்கள். அதில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பூசுவது முகத்தில், பாதிப்பது சிறுநீரகத்தை!

சரி, செய்வதென்றே முடிவு செய்தால் யாரிடம் போவது? ஸ்க்ரப் மாதிரி மேலோட்டமானதை நல்ல பயிற்சி பெற்ற பார்லரில் செய்யலாம். பீல் என்றால் தோல் மருத்துவர்தான். போர்டில் "ஸ்கின் கிளினிக்" என்று இருந்தால் போதாது. பெயருக்குப் பின்னால் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். என்று தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நம் உரிமை. முதலில் அரசு மருத்துவமனைக்கே போகலாம். மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு. பரு, மங்கு எல்லாம் நோய்தான். அதைக் காட்டி மருந்து வாங்குவதில் வெட்கம் எதற்கு?

நம் குழுக்களில் அழகுக்கலைப் பயிற்சி முடித்த பெண்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் அமிலத்தைத் தொடாதீர்கள். "இது டாக்டர் வேலைக்கா" என்று சொல்லி அனுப்புகிற பெண்ணிடம்தான் நாளைக்கு நம்பி வருவார்கள்.

பணக்கணக்கையும் பார்ப்போம். 18,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 360 ரூபாய். கறி காய்ச்சின மணம் மாதிரி பளபளப்பு போய்விடும், தவணை மட்டும் நிற்கும்.

கடைசியாக ஒன்று. இந்த நான்கு வகையில் எதுவுமே பிறந்த நிறத்தை மாற்றாது. நிறம் தோலுக்குள் ஊறியது. செத்த தோலைத்தான் எடுக்க முடியும். சென்னையில் இருக்கிற 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009-லேயே 'கருப்பும் அழகுதான்' என்ற கருத்தோடு பிரசாரம் தொடங்கியது. 1975-லிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி கூட 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. கம்பெனியே பெயரை மாற்றிவிட்டது. நாம் பெண் பார்க்கும்போது பேசுகிற பேச்சை எப்போது மாற்றப் போகிறோம்? மாப்பிள்ளை வீட்டிலும் பெண்கள்தானே பேசினார்கள்? நம்மில் எத்தனை பேர் மருமகள் தேடும்போது "பொண்ணு சிவப்பா" என்று கேட்டிருக்கிறோம்? நானும் என் அண்ணனுக்குப் பார்த்தபோது கேட்டவள்தான்.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். "எனக்குப் பருதான்கா கஷ்டம். நிறத்தைப் பத்தி நான் கேட்கவே இல்லை" என்றாள். பருவுக்கு அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கினார்கள். அக்கா மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாங்க. அவங்களுக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை, எனக்குத் தெரியும். சம்பந்தி வாயை நாம் மூட முடியாது. ஆனால் மகள் முகம் புண்ணாகாமல் மணவறையில் உட்கார்ந்தாள்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை:

1. என் பிரச்சினை என்ன: பருவா, மங்கா, தழும்பா, வெறும் மங்கலா?
2. செய்பவர் யார், என்ன படித்தவர்?
3. எந்த அமிலம், எத்தனை சதவீதம்? காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பார்ப்பார்களா?
4. மொத்தம் எத்தனை தடவை, மொத்தச் செலவு எவ்வளவு?
5. கர்ப்பமா, பாலூட்டுகிறோமா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறோமா, உதட்டில் அக்கி வருமா என்பதை முன்கூட்டியே சொன்னோமா?
6. கல்யாணத்துக்கு மூன்று நான்கு மாதம் இருக்கிறதா? கடைசி மூன்று வாரத்தில் முதல் முறையாக எதையும் செய்யாதீர்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் குழுப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். வயது வந்த பெண் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.