நாள் குறித்த இலக்கு

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் ஆலயத்தின் வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில் நிகழ்வது. அதற்கு ஒரு கிழமை முன்னரே கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீர் விளக்கேற்றுகின்றனர். நாள் முதலிற் குறிக்கப்படுகின்றது. கடமைகள் அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகின்றன. புதுத்தொழில் தொடங்குவோர்க்கும் இதுவே முறை.

ரிம் பேர்னேர்ஸ் லீ 1989 இல் முன்மொழிந்த உலகளாவிய வலை, 1993 ஏப்ரல் 30 இல் கட்டணமின்றி யாவர்க்கும் உரியதாயிற்று. ஆதலால், நந்திக்கடலோரத்து இளைஞர் ஒருவரும் கணினியொன்றைத் துணைக்கொண்டு, தனித்துநின்று இணையத்தளம் வடிவமைக்கும் தொழிலை நடத்தலாம். 2009 இல் போரின் இறுதி நாட்களைக் கண்ட அம்மண்ணில், ஊரைப் பிரியாது உழைத்துண்ணும் வழி கிடைப்பது சிறிய காரியமன்று.

ஆயினும், நிறையச் சம்பாதிக்க வேண்டுமென்பது ஆசை, இலக்கன்று. "இயன்றதைச் செய்" என்னும் பொதுமொழியைக் காட்டிலும், தெளிவும் அருமையும் உடைய இலக்கே மிகுந்த பயன் தருமென 1968 இல் உளவியலாளர் எட்வின் லொக் எடுத்துக்காட்டினார். ஆடி முடியுமுன் மாதிரித் தளங்கள் மூன்று. கிழமைதோறும் ஐந்து கடைக்காரரை நேரிற் காணுதல் என வகுத்துக்கொள்வதே இலக்கு. வேலை கிடைப்பது பிறர் கையிலுள்ளது; தேடிச் செல்வதோ தம் கையிலுள்ளது.

கூலி பேசும்போது மின்கட்டணத்தையும், இணையக் கட்டணத்தையும், வேலை தேடி அலைந்த நாட்களையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மாத முடிவில் எழுதியதையும் முடித்ததையும் ஒப்புநோக்குக. இலக்குத் தவறின், அதனைக் கைவிடாது அளவைத் திருத்துக. நாள் குறியாத பொங்கலுக்குப் பானை ஏறுவதில்லை அன்றோ!