சுவரில் ஏறும் ஓதம்



புனே நகரின் பழைய பேட்டைகளில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு ஒரு குறை உண்டு. மழைக்காலம் கழிந்து மாதங்கள் ஆகியும் சுவர் காய்வதில்லை. தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து உதிர்கின்றது. வெண்ணிற உப்புப் பூக்கின்றது. சுவரோரம் வைத்த புத்தகங்களில் பூசணம் படர்கின்றது. ஆண்டுதோறும் வர்ணம் பூசியும் பயனில்லை.

இதற்குக் காரணம் யாது? விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல், செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை இழுக்கின்றன. பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்திற்குள் அது நின்றுவிடும். நீர் காற்றில் கலந்துவிட, அதிலிருந்த உப்பு மட்டும் தங்கிப் பூச்சைப் பெயர்க்கின்றது. ஈரக்கறை மேலிருந்து கீழே இறங்கினால், அது ஓதமன்று. கூரையையோ குழாயையோ சோதிக்க வேண்டும்.

1732-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சனிவார் வாடாவின் மதிலைப் பாருங்கள். அடிப்பகுதி கருங்கல், மேற்பகுதி செங்கல். பழைய வாடா வீடுகள் பலவற்றிலும் கருங்கற் பீடத்தின்மேல்தான் செங்கற்சுவர் எழும்புகின்றது. தக்காணத்துக் கருங்கல் எளிதில் நீரை உறிஞ்சாது. ஆனால், சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போடும்போது அப்பீடம் புதைந்துபோகின்றது. செங்கல் மண்ணைத் தொடுகின்றது. ஓதம் ஏற வழி பிறக்கின்றது.

இந்நிலையில் பலர் செய்யும் தவறு, சிமெண்டுப் பூச்சால் சுவரை மூடிவிடுவது. வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் மேலே ஏறும். நோயை மறைப்பது மருத்துவமாகாது.

செய்யவேண்டுவன இவை: முதலில் சுவரோரம் குவிந்த மண்ணை அகற்றி, நீர் விலகி ஓட வாட்டம் அமையுங்கள். ஒழுகும் குழாய்களைச் செப்பனிடுங்கள். பின்னர், ஈரக்கோட்டிற்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை உலர விடுங்கள். ஓரங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், பொறுமை வேண்டும். இறுதியில் சுண்ணாம்புக் காரையும் வெள்ளையும் பூசுங்கள்; அவை ஈரத்தை வெளியே விடும். இவ்வளவும் செய்தபின்னும் ஓதம் நீங்காவிடின், சுவரின் அடியில் துளையிட்டு நீர்தடுக்கும் சிலிக்கோன் கலவையைச் செலுத்தும் முறையும் உண்டு.

வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் வர்ணத்திற்குச் செலவிடுவதைவிட, ஒருமுறை நீரின் வழியை மாற்றுவது இருவர்க்கும் நன்று. சுவர் உலர்ந்தால் வீட்டிலுள்ளோர் உடலும் நலம் பெறும்.