குமரித் துறைக்கும் ஒரு மின்படகு



வைக்கம் என்றதும் நமக்குப் பெரியாரின் போராட்டம் நினைவு வரும். அதே ஊரின் படகுத்துறையில் 2017 சனவரியில் இன்னொரு தொடக்கம் நிகழ்ந்தது. அங்கிருந்து தவணக்கடவுக்கு, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 'ஆதித்யா' என்ற படகை விட்டது. 75 பேர் போகலாம். கூரையெங்கும் சூரியத் தகடுகள். இந்தியாவின் முதல் சூரியமின் பயணிகள் படகு அதுதான். 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோவும் மின்படகுகளோடு வந்துவிட்டது.

இதனால் தண்ணீருக்கு என்ன லாபம்? டீசல் படகின் அடித்தளத்தில் எண்ணெய் கலந்த நீர் தேங்கும். அதை இறைத்து வெளியே விட்டால், மீன்குஞ்சு வளரும் இடத்திலேயே எண்ணெய் படியும். ஆதித்யா ஓடும் வேம்பநாட்டு ஏரி, ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். அங்கே எண்ணெய்ப் படலமும் இரைச்சலும் ஒரு படகளவு குறைந்தாலும் எனக்கு மகிழ்ச்சி. நாளெல்லாம் எஞ்சின் பக்கத்தில் நின்று புகை குடிக்கும் படகுத் தொழிலாளியின் நுரையீரலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால், எல்லாப் படகையும் நாளைக்கே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிலோ டீசலில் ஏறக்குறைய 12 யூனிட் ஆற்றல் உண்டு. எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக இழந்தாலும் நான்கு யூனிட் தேறும். ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட் கிடைப்பதே கடினம். நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகு அத்தனை பேட்டரியின் பாரத்தைச் சுமந்தால் மீனை எங்கே வைப்பது? கடனில் படகு ஓட்டும் மீனவர் தலையில் இந்தச் சோதனையை ஏற்றுவது அநியாயம்.

வேகமும் தடைதான். தண்ணீரில் வேகத்தை இரட்டித்தால், மோட்டாரின் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். மின்சாரம் ஏற்றுவதற்கும் வழி வேண்டும். நார்வேயில் 2015இல் ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்' மின்படகுக்குக் கரையூர்களின் மின்கம்பி போதவில்லை. இரு கரையிலும் பெரிய பேட்டரிகளை வைத்து, அவற்றில் மெல்லச் சேமித்த மின்சாரத்தைப் படகு வந்ததும் விரைவாக ஏற்றினார்கள். அந்த நாட்டில் பெரும்பாலும் நீர்மின்சாரம். நம் மின்சாரமோ இன்னும் பெரும்பாலும் நிலக்கரியில் பிறக்கிறது. ஆகவே படகோடு சூரியத் தகடும் வர வேண்டும். ஆயுள் முடிந்த பேட்டரியை யார் திரும்பப் பெறுவது என்பதையும் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

குறுந்தூரம், குறித்த நேரம், அரசின் முதலீடு — இந்த மூன்றும் கூடும் இடத்தில் தொடங்குவோம். குமரியில் கரைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே அரசின் பூம்புகார் கப்பல் கழகம் படகு விடுகிறது. தூரம் மிகக் குறைவு. ஆனால் அது அலை கடல். வைக்கத்துக் காயல் படகை அப்படியே கொண்டுவர முடியாது. அந்த அலைக்கேற்ற ஒரு மின்படகை வடிவமைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லி அரசைக் கேட்போம். அதற்கான தீர்மானத்தை இந்த மன்றத்திலேயே இன்று நிறைவேற்றித் தாருங்கள்.