இணையத்தில் எழுதலாம், உயில் காகிதத்தில்தான்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒருவர், தன் வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் சகோதரர் குடும்பத்துக்கே என்று கைபேசியில் குறுஞ்செய்தி எழுதி, அனுப்பாமலே இறந்துபோனார். 2017-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதையே உயிலாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் அப்படி நடக்காது.

இணையத்தில் உயில் தயாரித்துத் தரும் சேவைகள் இங்கேயும் வந்துவிட்டன. கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் வாசகம் தயார். ஆனால் அது வரைவு மட்டுமே. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது. மின்னணுக் கையெழுத்து செல்லாது. அச்செடுத்து, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகளோடு பேனாவால் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகிறவர் சாட்சியாக நிற்காமலிருப்பதே உத்தமம். சாட்சிகள் உயில் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகவும் இருக்கட்டும்.

முத்திரைத்தாள் வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் ஏராளம். தேவையே இல்லை, வெள்ளைத்தாள் போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதும் கட்டாயமல்ல. ஆனால் பின்னாளில் 'இது அப்பா கையெழுத்தே இல்லை' என்று யாராவது கிளம்பினால், அந்தப் பதிவு பெரிய துணை.

இணையப் படிவத்தில் 'ஊர் வீடு' என்று மட்டும் நிரப்புவதுதான் ஆபத்து. சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மனம் மாறினால், உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். முறைப்படி கடைசியாக எழுதியதே செல்லும்.